மூச்சும் ஏடும்: கிளாரினெற் வித்தகர் ஹைன்றிக் பேர்மான்

சிற்பி மறைந்த பின்னரும் அவன் செதுக்கிய சிலை நிற்கின்றது. புலவன் மறைந்த பின்னரும் அவன் பாடிய பாட்டு ஏட்டில் வாழ்கின்றது. இசைக்கருவியை இசைப்போனுடைய நிலையோ அத்தகையதன்று. அவன் எழுப்பும் நாதம் எழுந்த கணத்திலேயே காற்றிற் கலந்து மறைந்துவிடுகின்றது. 1877ஆம் ஆண்டில் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை ஆக்கும் வரையும், இசைப்போன் கலைக்குக் கேட்டோர் நெஞ்சமன்றி வேறு உறைவிடம் இருந்ததில்லை. கேட்டோர் மறைய, அந்நினைவும் அவரோடு மறைந்தது.

எனினும், ஒலிப்பதிவு தோன்றுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே மண்ணுலகை நீத்த ஒரு குழலிசைக் கலைஞரின் பெயரை, மேனாட்டிசை பயிலும் மாணவர் இன்றும் அறிவர். அவர் வாசித்ததை இன்று வாழ்வோர் எவரும் கேட்டிலர். ஆயினும் அவர் எங்ஙனம் வாசித்தார் என்பதை ஒருவாறு உய்த்துணர அவர்களால் இயலுகின்றது. அவர்தாம் யேர்மனியிலே பிறந்து, ஐரோப்பாவின் பெருநகரங்கள் பலவற்றிலும் தம் கலையைப் பரப்பிய ஹைன்றிக் யோசெப் பேர்மான் (1784–1847) என்பவர். காற்றோடு கலந்த ஒரு கலை யாங்ஙனம் நிலைபேறு பெற்றது என்னும் வினாவுக்கு அவருடைய வாழ்க்கை தக்க விடை தருகின்றது.

கருவியின் இயல்பு

கிளாரினெற் தமிழ் மக்களுக்கு முற்றிலும் புதியதொரு கருவியன்று. சதிர்க் கச்சேரிகளிலே பாட்டுக்குத் துணையாக ஒலித்துவந்த அக்கருவியைப் பிற்காலத்தில் ஏ. கே. சி. நடராசன் கருநாடக இசையரங்கிலே தனிக்கருவியாக உயர்த்தி வைத்தார். ஆயினும் அதன் பிறப்பிடம் யேர்மனியிலுள்ள நூரம்பேர்க் என்னும் நகராகும். அந்நகரிலே குழற்கருவிகள் செய்துவந்த யோகான் கிறிஸ்தோப் டென்னர் என்பவர், 1700ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், சாலுமோ எனப்பட்ட பழைய நாணற்குழலைத் திருத்தி இதனை உருவாக்கினார் என்பது பொதுவான கொள்கை.

நாதசுரத்தின் சீவாளியிலே இரண்டு நாணல் இதழ்கள் ஒன்றையொன்று நோக்கி அதிர்கின்றன. கிளாரினெற்றிலோ ஊதுவாயோடு சேர்த்துக் கட்டப்பட்ட ஒற்றை இதழ் மட்டுமே அதிர்கின்றது. நாதசுரத்தின் உடல் மேலே குறுகிக் கீழே விரிவது. கிளாரினெற்றின் உட்துளையோ பெரும்பாலும் ஒரே அகலமுடையது. இவ்வேறுபாட்டிலிருந்தே அக்கருவியின் தனித்தன்மையும் அதன் இடர்ப்பாடும் தோன்றுகின்றன.

புல்லாங்குழலிலே ஒரு சுரத்துக்குரிய விரலமைப்பை மாற்றாது மூச்சை வலிந்து செலுத்தினால், அதே சுரம் மேல்தாயியில் ஒலிக்கும். ஆகவே ஒரு தாயிக்குரிய துளைகள் அமைந்தால் இரண்டாந் தாயியும் தானே கைகூடுகின்றது. கிளாரினெற்றின் இயல்போ வேறு. கீழ்ச் சட்சத்துக்குரிய விரலமைப்பிலிருந்து மேலெழுந்தால் அங்கே மேற்சட்சம் ஒலிப்பதில்லை. மேல்தாயியின் பஞ்சமமே ஒலிக்கின்றது. எனவே கீழ்ச் சட்சம் முதல் மேல்தாயி மத்திமம் ஈறாகவுள்ள சுரங்களையும் அவற்றின் இடையிலுள்ள அரைச்சுரங்களையும் கீழ்ப்பகுதியிலேயே தனித்தனித் துளைகளால் ஒலிக்கச் செய்தல் வேண்டும். துளைகளோ மிகப்பல, விரல்களோ பத்து. விரல் எட்டாத துளைகளை மூடவும் திறக்கவும் உலோகத்தாலான சாவிகள் வேண்டப்பட்டமை இதனாலேயே.

மோட்சார்ட் காலத்துக் கிளாரினெற்றிலே பொதுவாக ஐந்து அல்லது ஆறு சாவிகளே இருந்தன. சாவியில்லாத அரைச்சுரங்களை விரல்களை மாறிவைத்தே எழுப்ப வேண்டியிருந்தமையால் சில சுரங்கள் தெளிவாகவும் சில மங்கலாகவும் ஒலித்தன. கீழ்ப்பகுதி இருண்டும், இடைப்பகுதி மெலிந்தும், மேற்பகுதி கூர்மையாகவும் ஒலிக்க, ஒரே குழலில் மூவர் மாறி மாறிப் பாடுவதுபோலத் தோன்றும். இக்குறையை மறைத்து, கீழிருந்து மேல்வரை ஒரே குரலாக அதனைப் பாடச் செய்வதே அக்காலக் கிளாரினெற் கலைஞரின் முதற் சோதனையாகும்.

போற்சுடாமிலிருந்து மியூனிக்குக்கு

பேர்மான் 1784ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆந் திகதி, பேர்லினுக்கு அருகேயுள்ள போற்சுடாம் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே அவ்வூர்ப் படையினர் இசைப்பள்ளியிற் சேர்க்கப்பட்ட அவர், முதலில் ஓபோ என்னும் இரட்டைச் சீவாளிக் கருவியையும், பின்னர்க் கிளாரினெற்றையும் கற்றார். யோசெப் பீயர் என்பவர் அவருடைய ஆசிரியருள் ஒருவர். பாரிசு முதலிய நகரங்களிலே வாசித்துப் புகழ்பெற்றுப் பல நாடுகளையும் சுற்றிவந்த பீயர், நாடு கடந்து பெயர்பெற்ற முதற் கிளாரினெற் கலைஞராகக் கருதப்படுபவர். பின்னர்ப் பேர்மான் பேர்லினிலே பிரான்சு தவுஷ் என்பவரிடமும் பயின்றார். தவுஷ் மென்மையும் இனிமையும் வாய்ந்த நாதத்துக்குப் பெயர்பெற்றவர். நாடுகள் பல கண்ட ஆசானிடமும், நாதத்தின் நுண்மை கண்ட ஆசானிடமும் ஒருங்கே பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டிற்று.

இசையிலே பெரும் ஈடுபாடு கொண்டிருந்த பிரசிய இளவரசர் லூயி பேர்டினந்து இளைஞர் பேர்மானின் திறமையைக் கண்டு ஆதரித்தார். அவ்வாதரவு நீடிக்கவில்லை. 1806ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆந் திகதி சால்பெல்ட் என்னுமிடத்தில் நெப்போலியனின் படையோடு பொருது இளவரசர் களத்திலே வீழ்ந்தார். நான்கு நாட்களின் பின் நிகழ்ந்த யேனாப் போரிலே பிரசியப் படை சிதறுண்டது. படையிசைஞராயிருந்த பேர்மானும் பகைவர் கையிற் சிறைப்பட்டார். புரவலரை இழந்து, ஊதியமும் இழந்து, தாய்நாடும் அடிப்பட்டுக் கிடந்த நிலையில், இருபத்திரண்டு வயது நிரம்பிய அவ்விளைஞருக்கு எஞ்சியிருந்தது கையிலிருந்த குழலொன்றே.

சிறையினின்று விடுபட்ட அவர் தெற்கு நோக்கிச் சென்று பவேரிய நாட்டின் தலைநகராகிய மியூனிக்கை அடைந்தார். 1807ஆம் ஆண்டில் அவ்வரண்மனைப் பல்லியத்திலே அவருக்கு இடம் கிடைத்தது. அக்காலத்து ஐரோப்பாவின் தலைசிறந்த பல்லியங்களுள் அதுவும் ஒன்று. 1834இல் ஓய்வு பெறும் வரை இருபத்தேழு ஆண்டுகள் அவர் அங்கேயே பணிபுரிந்தார். நாடு நாடாகச் சென்று புகழீட்டிய அவர் தம் நிலையான பதவியை விடாது காத்துக்கொண்டமை கருதத்தக்கது. பயணத்திற் கிடைக்கும் பொருள் நிச்சயமற்றது. அரண்மனை ஊதியமே குடும்பத்தைத் தாங்கியது. அவர் மேற்கொண்ட பயணங்களெல்லாம் அரண்மனையில் விடுமுறை பெற்றுச் சென்றவையே.

வேபரோடு கூடிய ஆண்டு

பேர்மானின் வாழ்க்கையிலே திருப்பமாக அமைந்தது 1811ஆம் ஆண்டு. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலே, நிலையான வேலையற்று ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த ஓர் இளம் இசையமைப்பாளர் மியூனிக்கை வந்தடைந்தார். அவரே கார்ல் மரியா பொன் வேபர். அப்பொழுது அவருக்கு வயது இருபத்துநான்கு, பேர்மானுக்கு இருபத்தேழு. இருவரும் கண்டவுடன் நட்புப் பூண்டனர்.

வேபர் தம் நண்பருக்காக ஒரு சில நாட்களிலேயே கொன்சேர்ட்டினோ என்னும் சிறு படைப்பொன்றை எழுதி முடித்தார். ஒரு தனிக்கருவி முன்னின்று இசைக்க, பல்லியம் அதற்கு விடை கூறியும் துணைநின்றும் செல்லும் அமைப்பை மேனாட்டார் கொன்சேர்ட்டோ என்பர். அதனிற் சிறியது கொன்சேர்ட்டினோ. ஏப்பிரல் 5ஆந் திகதி மியூனிக்கிலே அது அரங்கேறியது. அதனைச் செவிமடுத்த பவேரிய மன்னர் முதலாம் மாக்சிமிலியன், முழு அளவிலான கொன்சேர்ட்டோக்கள் இரண்டை உடனே எழுதித் தருமாறு வேபரைப் பணித்தார். பல்லியத்தின் ஏனைய கலைஞரும் தத்தம் கருவிகளுக்கு அவ்வாறு எழுதித் தருமாறு வேபரைச் சூழ்ந்துகொண்டனராம். முதலாம் கொன்சேர்ட்டோ யூன் 13ஆந் திகதியும், இரண்டாவது நவம்பர் 25ஆந் திகதியும் பேர்மானால் வாசிக்கப்பட்டன. இங்ஙனம் எட்டு மாதங்களுக்குள்ளே கிளாரினெற்றுக்கெனப் பெரும் படைப்புகள் மூன்று தோன்றின. இன்றும் எந்நாட்டிலாயினும் இக்கருவியைப் பயிலும் மாணவர் அவற்றைக் கற்காது தேர்ச்சி பெறுதல் அரிது.

இப்படைப்புகளை ஆராய்வோர் அவற்றினூடே பேர்மானின் உருவத்தைக் காணலாம். முதலாம் கொன்சேர்ட்டோவின் இடைப்பகுதியிலே மூன்று கொம்புகள் தாழ்ந்த குரலில் இசைக்க, கிளாரினெற் அவற்றோடு கலந்து ஆலயத்து வழிபாட்டுப் பாடல்போல அமைதியாக ஒலிக்கின்றது. நாதத்தின் மென்மை கைவரப்பெறாத ஒருவருக்கு எழுதப்படக்கூடிய பகுதி அதுவன்று. இரண்டாம் கொன்சேர்ட்டோவின் இடைப்பகுதியிலே நாடகமேடைப் பாடகி உரையாடுவதுபோலக் கருவி பேசுகின்றது. இறுதிப் பகுதிகளிலோ கீழ்ச்சுரங்களிலிருந்து உச்சிவரை ஓரிமைப் பொழுதிலே பாய்ந்தேறும் துள்ளல்கள் பல வருகின்றன. கீழ்ப்பகுதியின் இருளையும் மேற்பகுதியின் ஒளியையும் வேபர் அடுத்தடுத்து வைத்தார். முற்காலத்தோர் குறையென ஒதுக்கிய வேறுபாட்டையே அவர் அணியாகக் கொண்டார்.

அவ்வாறு கொள்ள அவருக்குத் துணிவு தந்தது நண்பரின் திறமையே. கீழிருந்து மேல்வரை ஒரே சீராக ஒலித்த பேர்மானின் நாதத்தை வேபர் வியந்து போற்றினார். அக்காலத்திலே கிளாரினெற் வாசிப்போருட் பலர் நாணலிதழ் மேலுதட்டிற் படும்படி கருவியைப் பிடித்தனர். பேர்மானோ அதனைக் கீழுதட்டில் அமைத்து வாசித்தார். மென்மையாக இசைப்பதற்கும் நாதத்தை வேண்டியவாறு பெருக்கிச் சுருக்குவதற்கும் இம்முறை துணைபுரிந்தது. பிற்காலத்தில் இதுவே எங்கும் நிலைபெற்றது. அவர் கையிலிருந்தது பத்துச் சாவிகள் கொண்ட கருவி, பேர்லினிலே செய்யப்பட்டது. இக்காலத்துக் கருவியோடு ஒப்பிட்டால் அஃது எளிய குழலேயாம். 1812இல் இவான் மியூலர் என்பார் பதின்மூன்று சாவிகள் கொண்ட புதுக்கருவியைப் பாரிசிலே முன்வைத்தார். அங்குள்ள இசைக்கல்லூரியின் அறிஞர் குழு அதனை ஏற்க மறுத்தாலும், காலப்போக்கில் அவ்வமைப்பே பரவலாயிற்று. சாவிகள் பெருகுமுன்னரே வேபரின் படைப்புகள் வாசிக்கப்பட்டன என்பதை நோக்குமிடத்து, கருவியின் திருத்தத்துக்கு முன்னே செல்வது கலைஞனின் பயிற்சி என்பது புலனாகும்.

நாடு கடந்த இசைப்பயணங்கள்

1811ஆம் ஆண்டு திசம்பர் மாதத்திலே நண்பர் இருவரும் ஒன்றாகப் பயணம் புறப்பட்டனர். பிராக், திறெஸ்டன், இலைப்சிக், கோத்தா, வைமார் ஆகிய நகரங்களிலே இசைத்து, அடுத்த ஆண்டின் தொடக்கத்திலே பேர்லினை அடைந்தனர். வேபர் பியானோவில் அமர, பேர்மான் கிளாரினெற்றை ஏந்தினார். செல்லும் வழியிலே புதிய உருப்படி வேண்டியபோது வேபர் ஆங்காங்கே எழுதித் தந்தார். தம் சில்வானா என்னும் இசைநாடகத்தின் மெட்டொன்றை எடுத்து அவர் விரித்தெழுதிய வேறுபாட்டு வரிசை இங்ஙனம் பிராக்கிலே பிறந்ததே.

இருப்புப்பாதை தோன்றாத அக்காலத்தில் இசைப்பயணம் என்பது எளிதான தொழிலன்று. குளிர்காலமே கச்சேரிக்குரிய பருவமாதலால், பனி மூடிய பாதைகளிலே குதிரைவண்டியிற் செல்லல் வேண்டும். சிறு அரசுகள் பலவாகப் பிரிந்து கிடந்த யேர்மனியிலே எல்லைக்கெல்லை அனுமதிச் சீட்டுக் காட்டல் வேண்டும். ஒரு நகரை அடைந்ததும், கொண்டுவந்த அறிமுகக் கடிதங்களை அரண்மனைக்கும் செல்வர் மனைகளுக்கும் கொண்டுசென்று, ஆதரவு பெற்று, மண்டபத்தை வாடகைக்குப் பேசி, உள்ளூர் இசைஞரைத் திரட்டி, நுழைவுச் சீட்டுகளை விற்றல் வேண்டும். செலவு போக எஞ்சுவதே கலைஞனின் வருவாய். இக்காலத்திலே முகவர் பலர் சேர்ந்து செய்யும் பணிகளையெல்லாம் அக்காலக் கலைஞன் தானே செய்தான். குளிரிலே மரக்குழல் வெடிக்காமற் காப்பதும், நல்ல நாணலிதழ் கெடாமற் பேணுவதும் இவற்றோடு சேர்ந்த கவலைகளாம்.

இவ்விடர்கள் யாவற்றையும் பொறுத்து, பேர்மான் தம் வாழ்நாளிலே சுவிற்சர்லாந்து, பிரான்சு, இங்கிலாந்து, இத்தாலி, உருசியா முதலிய நாடுகளுக்குச் சென்று இசைத்தார். சென்ற இடமெங்கும் அவருடைய குழல் புதிய நட்புகளைத் தேடித் தந்தது. பாடகி எலேன கார்லாஸ் என்பவர் அவருடைய வாழ்க்கைத் துணையாகவும் சில பயணங்களிலே இசைத்துணையாகவும் விளங்கினார். இவ்விருவருக்குமென இசையமைப்பாளர் மையர்பீயர், பெண்குரலும் கிளாரினெற்றும் காதலர்போல் ஒன்றோடொன்று உரையாடும் இசைக்கதை ஒன்றை 1816ஆம் ஆண்டில் இத்தாலியிலே எழுதினார். அதிலே குழல் சொல்லின்றிப் பேசுகின்ற ஒரு பாத்திரமாகவே அமைந்துள்ளது. இரண்டாண்டுகளின் பின், 1818இல், கார்லாஸ் இளவயதிலேயே காலமானார்.

1832ஆம் ஆண்டின் இறுதியிலே பேர்மான் தம் மைந்தர் கார்லோடு உருசியாவுக்குச் செல்லும் வழியிற் பேர்லினிலே தங்கினார். மைந்தரும் கிளாரினெற் இனத்தைச் சேர்ந்த பாசெற் கொம்பை வாசிப்பதில் வல்லவர். பேர்லினிலே வாழ்ந்த இளம் இசையமைப்பாளர் பீலிக்ஸ் மெண்டல்சோன் பேர்மானின் நெருங்கிய நண்பர். பவேரிய நாட்டு ஆவியிலவித்த மாப்பண்டத்திலும் பாலாடை அப்பத்திலும் பெருவிருப்பினர். தந்தையும் மைந்தரும் சமையலறையிலே அவற்றை ஆக்க, மெண்டல்சோன் மற்றோரறையில் அமர்ந்து இருவரும் சேர்ந்து வாசித்தற்குரிய இசைத்துணுக்கொன்றை எழுதுவதென உடன்பாடாயிற்று. பண்டமும் இசையும் ஒருங்கே முடிந்தன. திசம்பர் 30ஆந் திகதி எழுதி முடிக்கப்பட்ட அப்பிரதியின் தலைப்பிலே மெண்டல்சோன் அப்பண்டங்களின் பெயர்களையும் நகையாகச் சேர்த்து எழுதினார். அடுத்த மாதத்தில் இரண்டாவது துணுக்கொன்றையும் எழுதி அனுப்பினார். விளையாட்டாகப் பிறந்த அவ்விரண்டும் இன்றும் அரங்குகளிலே விரும்பி வாசிக்கப்படுகின்றன.

வாசிப்போனும் ஆக்குவோனும்

ஒரு கருவியை வாசிப்பதில் வல்லவனும் இசையாக்குவதில் வல்லவனும் நட்பினால் இணையும்பொழுது அக்கருவிக்கு இலக்கியம் பிறக்கின்றது. கிளாரினெற்றின் வரலாற்றிலே இவ்வுண்மை பலமுறை மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. பேர்மானுக்கு முன்னே வியன்னாவிலே வாழ்ந்த அந்தோன் ஸ்ராட்லர் என்பவருக்காக மோட்சார்ட், 1789இல் நரம்புக்கருவிகள் நான்கோடு கிளாரினெற் கூடும் ஐவரிசை ஒன்றையும், தாம் இறந்த 1791ஆம் ஆண்டிலே கொன்சேர்ட்டோ ஒன்றையும் எழுதினார். பேர்மான் காலத்தவராகிய எர்ம்ஸ்ரெற் என்பவருக்காக லூயி ஸ்போர் நான்கு கொன்சேர்ட்டோக்களை எழுதினார். கருவியின் எல்லையை எண்ணாது ஸ்போர் முதலாவதை எழுதிவிட, எர்ம்ஸ்ரெற் எழுத்தைத் திருத்துமாறு கேளாது தம் கருவியையே திருத்திக்கொண்டாராம்.

ஆயினும் நட்பு மட்டும் போதாது. காத்தலும் வேண்டும் என்பதற்கு ஸ்ராட்லரின் வரலாறே சான்று. அவர் இயல்பான கிளாரினெற்றிலும் தாழ்ந்த சில சுரங்களை எழுப்பவல்ல சிறப்புக் கருவியொன்றை வைத்திருந்தார். மோட்சார்ட்டின் கொன்சேர்ட்டோ அதற்கெனவே எழுதப்பட்டது. ஸ்ராட்லர் அப்படைப்போடு பேர்லின், ரீகா, சென்பீற்றர்சுபேர்க் முதலிய நகரங்களுக்கு நெடும்பயணம் செய்து 1796இல் மீண்டார். ஆனால் மோட்சார்ட் தம் கைப்பட எழுதிய பிரதி இன்று கிடைத்திலது. பொதுக் கருவிக்கேற்ப மாற்றி அச்சிடப்பட்ட வடிவமே எஞ்சியது. சிறப்புக் கருவிக்குரிய மூலவடிவத்தை அறிஞர் ஊகித்தே மீட்டமைக்க வேண்டியதாயிற்று.

பேர்மானின் குடும்பத்திலோ கலை தலைமுறையாகப் பேணப்பட்டது. 1834இலே தந்தை ஓய்வு பெற, அவர் இடத்தை மைந்தர் கார்ல் (1810–1885) ஏற்றார். கார்ல் கிளாரினெற் பயிற்சிக்கென விரிவானதொரு நூலை எழுதினார். அஃது இன்றளவும் மாணவர் கைகளிலே உள்ளது. ஒட்டென்ஸ்ரைனர் என்னும் கருவியாக்குநரோடு கூடிச் சாவியமைப்பையும் திருத்தினார். வேபரின் கிளாரினெற் படைப்புகளைப் பதிப்பித்தபொழுது, தந்தையார் வாசித்த முறையிலே அசைவுகளையும் அணிகளையும் சேர்த்துக் குறித்தார். முதலாம் கொன்சேர்ட்டோவின் தொடக்கப் பகுதியிலே பேர்மான் சேர்த்த சிறு பகுதியொன்றும் அவ்வாறே நிலைபெற்றது. இச்சேர்க்கைகளை ஏற்பதா, விலக்குவதா என்பது குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வேபர் எழுதியதே வேண்டும் என்பார் ஒருசாரார். வேபர் கேட்டு மகிழ்ந்த வாசிப்பு இதுவன்றோ என்பார் மற்றொருசாரார். எவ்வாறாயினும், ஒலிப்பதிவு இல்லாத காலத்து வாசிப்பு ஒன்றின் நிழல் அப்பதிப்பிலே படிந்துள்ளது என்பதை இருசாராரும் மறார்.

கார்ல் திருத்திய கருவி மற்றொரு பெரும் பயனையும் விளைத்தது. மைனிங்கன் அரண்மனைப் பல்லியத்திலே வயலின் வாசித்துவந்த ரிச்சாட் மியூல்பெல்ட் என்பவர் கிளாரினெற்றைத் தாமே பயின்று, அத்தகைய கருவியையே கையாண்டார். இனி எழுதுவதில்லை என்று எண்ணியிருந்த முதுபெரும் இசையமைப்பாளர் பிராம்ஸ் 1891ஆம் ஆண்டிலே அவர் வாசிப்பைக் கேட்டார். வேபரின் கொன்சேர்ட்டோ ஒன்றும் அவர் கேட்டவற்றுள் அடங்கும். உள்ளம் நெகிழ்ந்து மீண்டும் எழுதுகோலை எடுத்த அவர், அவ்வாண்டுக் கோடையிலேயே மூவரிசை ஒன்றையும் ஐவரிசை ஒன்றையும், 1894இலே சொனாட்டாக்கள் இரண்டையும் படைத்தார். பேர்மான் மறைந்து நாற்பத்துநான்கு ஆண்டுகள் சென்றபின்னும், அவர் வழிவந்த கருவி ஒரு முதியவரின் மௌனத்தைக் கலைத்தது.

பிறர் பெயரில் வாழ்ந்த பாட்டு

பேர்மான் தாமும் இசை ஆக்கினார். அவர் எழுதியவற்றுட் பல, தம் விரல் வன்மையைக் காட்டுவதற்கென எழுந்தவை. காலத்தோடு அவை மறைந்தன. ஒன்று மட்டும் எஞ்சியது. அவருடைய ஐவரிசை ஒன்றின் இடைப்பகுதியாகிய அதாயோ என்னும் விளம்பகாலப் பாட்டு அது. நரம்புக்கருவிகள் மெல்லெனத் தாங்க, கிளாரினெற் நெடிய மூச்சிலே பாடிச் செல்வது. ஆனால் அதுவும் அவர் பெயரில் வாழவில்லை. பேரிசையமைப்பாளர் வாக்னர் தம் இளமையில் எழுதியது எனத் தவறாகக் கொள்ளப்பட்டு, அவர் பெயராலேயே அச்சிடப்பட்டும் வாசிக்கப்பட்டும் வந்தது. பழைய பதிப்போடு ஒப்புநோக்கப்பட்ட பின்னரே உண்மை வெளிப்பட்டது. வாக்னரின் பெயரோடு வழங்கிய காலத்தில் அதனைப் போற்றியோர் பலர். பேர்மானுடையது என்று அறிந்தபின்னும் அப்பாட்டின் இனிமை சிறிதும் குன்றவில்லை. பெயரின் பொருட்டன்றித் தன் தகுதியினாலேயே அது வாழ்ந்தது என்பது இதனாற் பெறப்படும்.

1847ஆம் ஆண்டு யூன் 11ஆந் திகதி பேர்மான் மியூனிக்கிலே காலமானார். அவருடைய அருமை நண்பர் வேபர் இருபத்தோராண்டுகளுக்கு முன்னரே இலண்டனில் உயிர்நீத்திருந்தார். பேர்மான் கண்ட நாடுகள் பல. பெற்ற கைதட்டல்களும் பல. அக்கைதட்டல்களின் ஒலி அவர் வாசிப்பின் ஒலியோடு மறைந்து போயிற்று. நாடு நாடாகத் திரிந்து புகழ்பெற்ற கலைஞர் அக்காலத்திலே வேறு பலரும் இருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பெயர் ஆராய்ச்சியாளர் ஏடுகளிலன்றி வேறெங்கும் இல்லை.

பேர்மானின் பெயர் நிலைத்தமைக்குக் காரணம் அவர் தம் மூச்சை மூன்று இடங்களிலே வைத்துச் சென்றமையாகும். ஒன்று, அவரைக் கேட்டு எழுந்த நண்பர்களின் படைப்புகள்; மற்றொன்று, அவரிடம் கற்ற மைந்தரின் நூல்; பிறிதொன்று, அம்மைந்தர் திருத்திய கருவி. இம்மூன்றும் அவர் தனித்துச் செய்தவையல்ல. பிறரோடு கூடி வாழ்ந்தமையால் விளைந்தவை. புகழ் பயணத்தால் வரலாம். நிலைபேறு நட்பாலும் மாணாக்கராலுமே வரும். இன்றும் எங்கோ ஓர் அரங்கிலே, மூன்று கொம்புகள் தாழ்ந்தொலிக்க, ஓர் இளங்கலைஞர் வேபரின் அவ்வமைதியான பகுதியை வாசிக்கும்பொழுது, ஏட்டிலிருந்து எழுவது வேபரின் எண்ணம். அதனோடு கலந்து ஒலிப்பது 1811ஆம் ஆண்டிலே மியூனிக்கு நகரிற் பேர்மான் விட்ட மூச்சேயாகும்.